வலியறியா வீரனும் தொடை ஊசியும்

ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பிறகு நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. டீக்கடை, லாரி, அரிசி மில் என்று சுற்றிவிட்டு, கடைசியில் சுற்றுவதையே தொழிலாக்கிக்கொண்டேன். எழுபதுகளில் மதுரையைச் சுற்றியிருந்த ஊர்களில் ஒரு வாரம் தரையில் கால் ஊன்றாமல் சைக்கிள் ஓட்டிக் காட்டும் ஆட்டம் நடக்கும். ஓட்டுகிறவர் வேறு ஆள். சாயங்காலக் கூட்டத்துக்கு வேடிக்கை காட்டுவது என் வேலை. நெஞ்சில் டியூப்லைட் உடைப்பேன். "வலி என்றால் என்னவென்றே அறியாத வீரன்!" என்று மைக்கில் அலறுவார்கள். பழைய டியூப்லைட்டின் கண்ணாடி அப்பளத்துக்குச் சமம் என்பது உடைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

என் தொடை எலும்பு முறிந்தது இந்த வீரத்தில் இல்லை. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் ஆட்டம் முடிந்து, மாலை போட்டு, கூட்டமும் கலைந்துவிட்டது. குழாய் ஸ்பீக்கரை அவிழ்க்க வேப்பமரத்தில் ஏறினேன். கிளை முறிந்தது. குழாய் ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

கயிற்றுக் கட்டிலோடு டிராக்டரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். சமயநல்லூர் வருவதற்குள் தெரிந்த சாமிகள் தீர்ந்துபோய், பெற்ற ஆத்தாளைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காலை நீட்டிக் கட்டி, கட்டில் நுனியில் கயிறு போட்டு எடை தொங்கவிட்டார்கள். அசையாமல் கிடந்தால் பொறுக்க முடிந்தது. விரிப்பு மாற்ற யாராவது இடுப்பைத் தூக்கினால் உள்ளே எலும்போடு எலும்பு உரசும்.

பக்கத்துக் கட்டிலில் ஏர் உழும் திருவாதவூர் சம்சாரி ஒருவர் கிடந்தார். மாட்டுவண்டி குடைசாய்ந்து அவருக்கும் தொடை எலும்புதான் போயிருந்தது. துணைக்கு அவர் மனைவி. வந்த அன்றே சம்சாரி என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, எங்கூருக்கு வந்த சைக்கிள் பார்ட்டியில இருந்தவருல்ல நீங்க? நெஞ்சுல டூப்லைட்ட ஒடச்சீகளே! நாந்தேன் ஒங்களுக்குத் துண்டு போத்துனேன்."

"ஆமாண்ணே" என்றேன். அதுதான் வினை. பொழுது சாய்வதற்குள் வார்டு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதன்பிறகு முனகக்கூட வழியில்லை. முனகல் வந்தால் இருமினேன். இவனுக்கு டி.பி. இருக்குமோ என்று நர்சம்மா சந்தேகப்பட்டார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். சின்ன வயது.

"உங்க ரெண்டு பேருக்கும் நாளைக்குக் காலைல. தியேட்டர்ல ஒருக்களிச்சுப் படுக்க வச்சு முதுகுல ஊசி போடணும். இந்தக் காலோட உங்களால திரும்ப முடியாது. அதனால இங்கேயே தொடை நரம்புக்கு ஒரு ஊசி போட்டுர்றேன். தொடை மரத்துப் போயிரும், தூக்குறப்ப வலிக்காது."

"எந்த எடத்துல போடுவீங்க?"

தொடை இடுப்போடு சேரும் கவட்டைக் காட்டினார். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு வேணாம் டாக்டர். வலியெல்லாம் நமக்குப் பழக்கம்" என்றேன். அதில் பாதி வெட்கம், பாதி பயம். மீதி, துண்டு போர்த்தியவர் பக்கத்தில் இருந்தது.

"அப்ப எனக்கும் வேணாம் தாயி" என்றார் அவர். "தம்பியே வேணாங்குது. அங்கிட்டு ஊசியப் போட்டுக் காலு வெளங்காமப் போச்சுன்னா யாரு உழுகுறது?"

சில மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவிடும் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். அவர் மசியவில்லை. டாக்டரம்மா போனதும் அவர் மனைவி என் கட்டிலுக்கு வந்தார்.

"இங்கேரு தம்பி. ஒனக்கு வலி தெரியாது, சரி. இந்த மனுசன் முள்ளுக் குத்துனாலே சோறு திங்காத ஆளு. நாளைக்குத் தூக்கும்போது வலிச்சுச்சுன்னா ஆபரேசனே வேணாம், ஊருக்கு வண்டி புடின்னுருவாரு. கோணக் காலோட எப்புடி ஏரு புடிப்பாரு? போட்டுக்கங்கன்னு ஒரு வார்த்த சொல்லு."

"நான் போடாம அவரைப் போடச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நீயும் போட்டுக்க."

நியாயமான பேச்சு. "பாப்போம்க்கா" என்று மட்டும் சொன்னேன். வீரன் என்ற பட்டத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் காலை ஊசித் தட்டோடு டாக்டரம்மா வந்து கடைசியாக ஒருமுறை கேட்டார். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். சரி என்று வார்டு ஆள் என்னைத் தள்ளுவண்டிக்கு மாற்ற இடுப்புக்கடியில் கையைக் கொடுத்தார். கால் லேசாகச் சாய்ந்தது. நான் போட்ட சத்தம் வாடிப்பட்டிக் குழாயில்கூட வந்ததில்லை.

"யாத்தே! விடுய்யா! ஊசியப் போடுங்க தாயி, எங்க வேணா போடுங்க!"

வாதவூர்க்காரருக்காக இறங்கி வந்தேன் என்று எழுதத்தான் ஆசை. அந்த நேரத்தில் அவரும் ஞாபகமில்லை, அவர் மனைவியும் ஞாபகமில்லை.

திரை மறைத்தார்கள். டாக்டரம்மா கவட்டில் விரலை வைத்து நாடி பார்த்து, அதன் ஓரத்தில் ஊசியை இறக்கினார். முழங்கால்வரை கரண்ட் அடித்தது.

"அதான் நரம்பு. ஆடாதீங்க."

கொஞ்ச நேரத்தில் தொடை இரவல் வாங்கியது போல ஆகிவிட்டது. தூக்கினார்கள். ஏதோ இழுப்பது தெரிந்தது. அந்த உரசல் இல்லை. இதற்கா இத்தனை நாள் இருமினேன்!

திரையை விலக்கியதும் வாதவூர்க்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த டூப்லைட்டு?"

"பீஸ் போன லைட்டுண்ணே. தட்டுனாலே ஒடஞ்சிரும்."

அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "எனக்கும் போட்டுரு தாயி. தம்பியே இம்புட்டுக் கத்துதுன்னா நான் எங்கிட்டுத் தாங்க?"

அவர் மனைவி என்னைத்தான் முறைத்தார். "இந்தக் கத்த நேத்தே கத்தித் தொலைச்சிருந்தா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன்ல?"

முதலில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்துக் கல் இடுக்குகளில் வண்டி தடதடத்தது. தொடையில் வலியே இல்லை. மைக்கில் சொன்னது அன்றைக்குத்தான் நிஜமானது. பார்க்க இருந்தது வண்டி தள்ளுகிறவர் மட்டும். அவரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் இன்னொரு வண்டி வரும் சத்தம் கேட்டது. அலறல் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வரவில்லை. புலம்பல்தான் வந்தது, தியேட்டர் வாசல்வரை.

"பீஸ் போன லைட்டுக்கா நான் புதுத்துண்டு போத்துனேன்?"