மஞ்சள் பையைத் திருப்பி அனுப்பியவர்

அந்தப் பை மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது. ரத்தம் என்றால் சிவப்பு என்று நினைத்திருந்த எனக்கு, கையில் வாங்கியதும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு டெங்கு வந்து, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்து நிற்காமல் இருந்த நாள் அது. நீங்கள் ரொம்பச் சின்னவர்கள். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் கேட்டார்கள். திருவள்ளூர் ரத்த வங்கிக்கு வண்டியில் ஓடினேன்.

இரும்பு மில்லுக்கு வேலைக்கு வருமுன் நான் பழவேற்காட்டு இறால் விற்றவன். வெயிலில் எதுவும் கெடும், ஐஸில் எதுவும் நிற்கும் என்பதுதான் என் படிப்பு. "ஐஸ் வைக்காதீங்க" என்று ரத்த வங்கியில் சொன்னதைக் காதில் வாங்காமல், பொன்னேரியில் ஐஸ் வாங்கி, பழைய மீன் பெட்டியில் பையைப் புதைத்துக் கொண்டுபோனேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு.

ஆஸ்பத்திரியின் லேப் அம்மா பெட்டியைத் திறந்து பையைத் தொட்டார். "இன்னாய்யா, இறாலா எடுத்துக்கினு வந்த? இத ஏத்த வுட மாட்டேன்."

"உங்க ஊட்டு ஆளா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி மேனேஜரும் வந்து, "வந்ததப் போடும்மா, பேஜாரு பண்ணாத" என்றார். லேப் அம்மா அசையவில்லை. மேனேஜரை விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

"பிளேட்லெட் மேல சின்னச் சின்னப் புரதம் இருக்கு, கை மாதிரி. காயத்தப் புடிச்சிக்கிறது அதான். நல்லா இருக்குற உடம்புலயும் அது கொஞ்சம் கொஞ்சமா உதிரும். நோவு வந்தா நெறைய உதிரும். உன் சம்சாரத்துக்கு மிச்சம் இருக்குறதே கம்மி, அதுலயும் பாதிக்குக் கை இல்ல. நாம போடுறதாவது கையோட போவணும். ஐஸுல அந்தக் கையெல்லாம் கொத்தா ஒட்டிக்கும். உள்ள போனதும் ஈரல் புடிச்சித் தள்ளிடும். போன் பண்ணிட்டேன், வேற பை ரெடியா இருக்கு. கோவத்த அப்புறம் காட்டு, கெளம்பு."

கிளம்பினேன். இரண்டாவது பையை மடியில் வைத்துக்கொண்டு, மில் நண்பனின் காரில் வந்தேன். சாயங்காலம் ஏற்றினார்கள். மறுநாள் காலை உங்கள் அம்மாவின் தலையணை உறை வெள்ளையாகவே இருந்தது.

தன் பேச்சை மீறிய லேப் அம்மாவை வேலையை விட்டு வெளியேற்ற மேனேஜருக்கு ஒரு புகார் வேண்டியிருந்தது. உங்கள் தாய்மாமனே எழுதிக் கொடுத்தார்: லேப் அம்மா வேண்டுமென்றே தாமதம் செய்தார் என்று. என் கையெழுத்துக்காக நீட்டினார்கள். நான் அதை அடித்துவிட்டு, தாமதம் என்னால்தான் என்று கீழே எழுதினேன்.

"இன்னாய்யா, உன் மேலயே எழுதிக்கினு இருக்க?" என்றார் மேனேஜர்.

"நடந்தது அதான் சார்."

மாமா இன்றைக்கும் விசேஷ வீட்டுப் பந்தியில் அந்தம்மாவைக் குறை சொல்வார். பெரியவராயிற்றே என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். தப்பு செய்தது எங்கள் அப்பா, காப்பாற்றியது அந்தம்மா என்று எல்லோர் எதிரிலும் சொல்லுங்கள். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.