எல்லோரும் சுகமாயிருக்கிற ஊர்

இந்த நாட்டில் ஒருவரையொருவர் பார்த்தவுடன் ‘ஆப்பா காபார்?’ என்று கேட்பார்கள். என்ன சேதி என்று அர்த்தம். அதற்கு ‘காபார் பாயிக்’, நல்ல சேதி, என்று சொல்லவேண்டும். வேறு பதில் கிடையாது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டி வருகிறவரும் அதையேதான் சொல்வார். மனைவியை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள் ஒருவர் அப்படிச் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். பினாங்கில் கப்பலிறங்கி, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மருமகளாக வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. பாடாங் செராய் கடைத்தெருவில் கத்தரிக்காய் விற்ற ஒரு மலாய்க்கார அம்மா கேட்டதும், வீட்டுக்காரரிடம் கற்றிருந்த கொஞ்ச வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்து, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, தூக்கமில்லை, ஊர் ஞாபகம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய் என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்துக் காசு வாங்காமலே அனுப்பிவைத்தார். அதன்பிறகு நானும் ‘காபார் பாயிக்’தான்.

எங்கள் ஊர் உடன்குடிக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டு ஓரம். அங்கே இதற்கு நேர் எதிர். நன்றாயிருக்கிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மகன் வேலைக்குப் போய், மகளுக்குக் கல்யாணமாகி, பனையும் நன்றாகப் பதநீர் சுரந்தாலும் ‘ஏதோ ஓடுது’ என்பார்கள். கண் பட்டுவிடும் என்கிற பயம் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களான எங்களுக்கும் இருந்தது. அங்கே சுகத்தை மறைத்தோம், இங்கே நோவை மறைக்கிறோம். இரண்டு ஊரிலும் நிஜத்தைச் சொல்ல இடமில்லாமல் போனது எனக்கு மட்டும்தானா, என்னைப்போல் வந்தவர்கள் எல்லோருக்குமா, தெரியவில்லை.

நான் எழுதிய கதையின் பக்கங்களை என் மகள் எஸ்தர் படம் பிடித்து ஃபோனில் ஊருக்கு அனுப்பினாள். படித்தவர்கள் கேட்கிறார்கள்: ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு, நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளுக்கு, இல்லாத ஒரு பயங்கரமான ஊரைப் பற்றி நாவல் எழுத எப்படித் தோன்றியது? அதிலும் கிறிஸ்தவக் கதை என்கிறாய், ஆனால் படிக்கத் திகிலாயிருக்கிறதே? வாயால் சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுதுகிறேன்.

எஸ்தருக்கு இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. கூலிமில் இருக்கும் நிலையத்துக்கு செவ்வாய், வியாழன், சனி என்று போய், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருந்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அவள் கணவர் ஜொகூரில் லோரி ஓட்டுகிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். ஆரம்பத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லாதான் தன் காடியில், அதாவது காரில், கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். போகிற வழியெல்லாம் பாடுவாள். சபைப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

எங்கள் சபையில் ஆராதனை நடுவே சாட்சி சொல்லும் நேரம் உண்டு. அந்த வாரம் கர்த்தர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். சாட்சிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கஷ்டத்தில் தொடங்கி நன்மையில் முடியவேண்டும். முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள். கஷ்டம் இன்னும் முடியாதவர்கள் எழுந்திருப்பதில்லை. யாரும் எழக்கூடாது என்று சொன்னதில்லை, ஆனால் அவர்கள் எழுந்ததில்லை. வெளியூர்ப் பிரசங்க ஊழியர் ஒருவர் வந்து சுகமளிக்கும் ஜெபம் நடத்திய வாரம், எஸ்தரின் இரத்தப் பரிசோதனை கொஞ்சம் நன்றாக வந்தது. ஸ்டெல்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு எழுந்து, “நம்ம எஸ்தருக்குக் கர்த்தர் பூரண சுகம் கொடுத்துட்டாரு!” என்று அழுதுகொண்டே சொன்னாள். சபையே கைதட்டியது. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல மனதோடு சொன்னதை எப்படி மறுப்பது?

அதோடு ஜெபக்குறிப்பிலிருந்து எஸ்தரின் பெயர் போயிற்று. கஞ்சி நின்றது. ஸ்டெல்லாவின் காடியும் வரவில்லை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். சுகமான பிள்ளையை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவளுக்கு அவிசுவாசமாகத் தோன்றியது. நாங்கள் வாடகைக் காடியில் போய்வந்தோம். சுகமானவர்களைப் பார்க்க யார் வருவார்கள்? வீடு அமைதியாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை காடி வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது, எஸ்தர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

“எழும்பு பிள்ளே, காடிக்காரத் தம்பி காத்துக்கிட்டு இருக்கு.”

“சுகமானவ எதுக்கும்மா ஊசி குத்திக்கணும்? நான் வரல லா. விட்டுருங்க.”

ஒரு தடவை விட்டால் நீர் கோத்துக்கொள்ளும், இரண்டு தடவை விட்டால் மூச்சு அடைக்கும் என்று நிலையத்துத் தாதி சொல்லியிருந்தார். அடுப்படிக்கும் அறைக்குமாக நடந்தேன். கெஞ்சத் தெரியவில்லை, அதட்டவும் தெரியவில்லை. என்ன நினைத்தேனோ, “ஒரு ஊர்ல எல்லாருமே சுகமா இருந்தாங்களாம்” என்று வாய் தானாகச் சொன்னது.

“ஆமா, எனக்கு ஏத்த ஊருதான்” என்றாள், திரும்பாமலே.

“அங்க சுகமில்லன்னு சொன்னா, வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிடுவாங்களாம்.”

மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள். அப்புறம், “யாரைத் தள்ளினாங்க?” என்றாள்.

“காடியில ஏறு. போற வழியில சொல்றேன்.”

நாவல் அப்படித்தான் பிறந்தது. பரலோகத்திலிருந்து தரிசனம் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் எழுந்து வரவேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமை கதையை நடுவில் நிறுத்தினேன். வாயால் சொன்னால் மறந்துபோகிறது, திக்குகிறது. அதனால் எழுதிக்கொண்டுபோய், நிலையத்தில் அவள் காதருகே வாசித்தேன். கதையில் அந்த ஊர்க்காரர்கள் விடியற்காலையில் வீட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் ‘சுகம்’ என்று சொல்லவேண்டும். இதை நான் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. தோட்டத்தில் வெளிச்சம் வருமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்போம். கணக்கு எழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், வேலைக்கு வந்தவர்கள் குரல் கொடுக்கவேண்டும். என் பக்கத்தில் நிற்கும் மாரியாயிக்குக் காய்ச்சலில் உடம்பு கொதிக்கும். அவள் தோள் என் தோளில் பட்டாலே சுடும். பெயர் கூப்பிட்டால் எல்லோரையும்விடச் சத்தமாகக் குரல் கொடுப்பாள். சத்தம் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

அந்த ஊரிலும் வேதப்புத்தகம் உண்டு. ஆனால் அழுகிற பக்கங்களையெல்லாம் கிழித்துவிட்டார்கள். புத்தகம் மெலிந்து கைக்கு லேசாகிவிட்டது. கிழித்த பக்கங்கள் காற்றில் வேலியைத் தாண்டிப்போய், காடாகிவிட்ட பழைய ரப்பர் நிலத்தில் விழும். கிருபை என்று ஒருத்தி. ஒருநாள் அவள் பெயரைக் கூப்பிடும்போது அவள் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். எதிர்த்து நின்றாள் என்றில்லை, வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். வேலிக்கு வெளியே தள்ளுகிறார்கள். அங்கே காலில் துணி சுற்றிய ஒருவர் மரக்கட்டையில் உட்கார்ந்து தேத்தண்ணி கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறார். அவளை ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்.

“அது யாரும்மா? இயேசுவா?” என்றாள் எஸ்தர்.

“எனக்குத் தெரியாதுடி.”

“எழுதுறது நீங்க, உங்களுக்கே தெரியாதா?”

“எழுதிப் பார்த்தாத்தான் தெரியும்.”

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. வாசித்து முடித்ததும் எழுந்து ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். “டுடுக் லா, மக்சிக்!” என்று அங்குள்ள தாதி சத்தம் போடுவார், உட்காருங்கள் அத்தை என்று. பக்கத்து நாற்காலியில் கோலா கெத்திலிலிருந்து வருகிற டின் என்ற மலாய்க்காரர். நாங்கள் பக்சிக், மாமா, என்று கூப்பிடுவோம். நான் குசுகுசுவென்று வாசிப்பது என்னவென்று அவர் கேட்க, எஸ்தர் மலாயில் சொல்லத் தொடங்கினாள். சுகமில்லை என்று சொல்லக்கூடாத ஊர் என்றதும் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “இது கதையில்லை, என் வீடு. சுகமில்லைன்னு வெளியே தெரிஞ்சா அக்கம்பக்கத்துக்காரங்க டுரியான் பழத்தோட வந்துடுவாங்க. எனக்கோ ஒரு சுளை ஆகாது. அதனால எதிர்லே யார் வந்தாலும் காபார் பாயிக்தான்!” அதற்குப் பிறகு கிருபைக்கு என்ன ஆயிற்று என்று என்னைவிட அவர்தான் பரபரத்தார்.

கதை முடிவை நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் அவிசுவாசி அல்ல. கர்த்தரால் ஆகாதது ஒன்றுமில்லை என்று இன்றும் நம்புகிறேன். கிருபையைச் சுகமாக்கி ஊருக்குள் அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். எஸ்தர் மோப்பம் பிடித்துவிட்டாள்.

“அம்மா, அவளைச் சுகமாக்கிடாதீங்க. சுகமாக்கினா அவளைப் பார்க்கவும் யாரும் வரமாட்டாங்க.”

வேறு முடிவும் தோன்றவில்லை. தோன்றினாலும் எழுதப் பயம். கதை முடிந்தால் இவளைக் கட்டிலிலிருந்து எழுப்ப என்னிடம் என்ன இருக்கிறது? அதனால் இழுத்தேன். வேலிக்கு வெளியே ஒரு கல்யாணம் வைத்தேன். ஒரு யானையைக் கொண்டுவந்தேன். ஊரிலிருந்து அண்ணன் வேறு ஃபோனில் விடவில்லை. “ஏ ரூத்து, நான் கண்ண மூடுததுக்குள்ள ஒரு எட்டு வந்துட்டுப் போயேண்டி. அசனத்துக்காவது வா.” எங்கள் ஊர்க் கோயிலில் சாதி, பணம் பாராமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் திருநாள் அது. இவளை விட்டுவிட்டு எப்படிப் போவது? பார்ப்போம் அண்ணாச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யானை வந்த அன்று எஸ்தர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், “அம்மா, சும்மா இழுக்கிறீங்க லா” என்றாள். “கதை முடிஞ்சா நான் வரமாட்டேன்னு பயம். அதானே?”

குழாயில் ஓடும் அவள் இரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முடிங்க. நிஜமா முடிங்க. வர்றதும் வராததும் நான் பார்த்துக்கிறேன்.”

அன்று வியாழன். வீடு திரும்பி இரவு முழுக்க நடந்தேன், வெள்ளி எழுதினேன், சனி வாசித்தேன். கிருபை சுகமாகவில்லை. ஒரு விடியற்காலை அவள் அந்தக் கிழிந்த பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் வருகிறாள். உள்ளே பெரட்டு நடக்கிறது. வரிசையில் ஒரு பெண்ணின் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அவளுக்குச் சொல் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது வெளியிலிருந்து கிருபை சத்தம் போட்டு, “இங்க இடம் இருக்கு” என்கிறாள். அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவரும் சொல்லவில்லை. அதற்கடுத்தவரும். அவ்வளவுதான் கதை.

எஸ்தர் என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “கடைசி வரியில கை வைக்காதீங்க” என்றாள். பிறகு பக்சிக்குக்கு மலாயில் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் எதில் வருகிறீர்கள் என்று கேட்டார். வாடகைக் காடி என்றாள். “என் மகன் வேனில் உங்கள் பாடாங் செராய் வழியாகத்தானே என்னைக் கொண்டுவருகிறான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?” என்று கோபித்துக்கொண்டார். எஸ்தர், “நீங்க ஆப்பா காபார்னு கேட்டீங்க, நான் காபார் பாயிக்னு சொல்லிட்டேன்” என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்து மிஷினைப் பார்த்தார்.

மறுநாள் சபையில் சாட்சி நேரத்தில் எஸ்தர் எழவில்லை. நானும்தான். வெளியே வரும்போது ஸ்டெல்லா, “சுகமா இருக்கியா பிள்ளே?” என்றாள். எஸ்தர் மெதுவாக, “இல்லக்கா. இன்னும் மிஷின்லதான்” என்று சொல்லி, ஊசி ஏற்றும் கையை நீட்டினாள். அந்த இடத்து நரம்பைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள், தொட்டால் தேன்கூடு மாதிரி அதிரும். ஸ்டெல்லா தொட்டாள். “ஐயோ, உள்ள ஓடுதே” என்றாள். விசுவாசத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை. அவள் மனதில் என்ன ஓடியதென்று எனக்குத் தெரியாது.

இன்று செவ்வாய். விடியுமுன்னே எழுந்து நடந்துகொண்டிருந்தேன். எழுப்பப் போகவா வேண்டாமா என்று அறை வாசலில் நின்றபோது, உள்ளே வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தலை வாரி, குளிருக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நானும் பையை எடுத்தேன்.

“நீங்க எங்க? கதைதான் முடிஞ்சிருச்சே. இன்னிக்கு நான் பக்சிக்குக்கு யானை வந்த இடத்தைச் சொல்லணும், அன்னிக்கு அவர் தூங்கிட்டாரு. நீங்க மாமாவுக்கு ஃபோன் போட்டு, வர்றேன்னு சொல்லுங்க.”

வேன் வந்தது. பக்சிக் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். எஸ்தர் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். வியாழனும் போவாளா என்று தெரியாது. இன்று போகிறாள். நான் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். இங்கே வெயில் ஏறிவிட்டது, அங்கே இன்னும் விடியவில்லை. “என்னடி, இந்நேரத்துல?” என்றார். நான் வாய் திறப்பதற்குள், “கேக்குதா?” என்று ஃபோனை எங்கேயோ தூக்கிப் பிடித்தார். எங்கள் கோயிலின் விடியற்கால முதல் மணி. அதே நேரத்தில் முச்சந்தியில் அந்த வேன் கியர் மாற்றித் திரும்பும் சத்தம். ஒரு காதில் அது, ஒரு காதில் இது. அண்ணன், “எப்ப வார? சொல்லு, எப்ப வார?” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். வேன் கேட்கிற காதுக்கு ஃபோனை மாற்ற மனம் வராமல், பதில் சொல்லுமுன், அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.