ஒரு ஃபேனும் இரண்டு விருந்தாளிகளும்

பண்ருட்டியில் காலை ஆறரை மணிக்குப் பஸ் ஏறினேன். கடலூரில் இறங்கி ஒரு காபி, சிதம்பரத்தில் இறங்கி இன்னொரு காபி, அங்கிருந்து கிள்ளைப் பக்கம் போகும் டவுன் பஸ். அதில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் ஜன்னல் ஓர சீட்டை மகாராணி மாதிரி பிடித்துக்கொண்டேன். சித்திரை வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது. "ஊட்ல ஏ.சி. இருக்கப்ப, ஆயிரத்து இருநூறு ரூபா குடுத்து வேகறதுக்குப் போறியா?" என்று கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் வழியனுப்பி வைத்தார். அந்த ஆயிரத்து இருநூறு ஒரு நாள் அறைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும்.

நான் போன திட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு கிளம்பிவிடுவீர்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைத் தாண்டி, உப்பங்கழி நடுவே ஒரு மணல்மேடு, அதில் பதினான்கு வீடுகள். இவ்வளவு போதும்.

பத்தரை மணிக்குப் படகுத்துறை. படகோட்டி ரமேஷ் அன்று சும்மா படகோட்டவில்லை. மனைவி செல்வியையும், பிறந்து மூன்று மாதமான பெண் குழந்தையையும் மாமியார் வீட்டிலிருந்து முதன்முறையாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். எஞ்சினைப் பார்த்ததைவிடக் குழந்தையைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு முறை மணலில் மோதப் பார்த்தோம். குழந்தையின் கழுத்து முழுக்க வேர்க்குரு. என்னிடம் இருந்த சின்ன கை ஃபேனை அதன் பக்கம் பிடித்தேன். கரை வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

கரையில் மல்லிகா காத்திருந்தாள். என் அறைக்கு அவள்தான் சொந்தக்காரி. ரமேஷுக்கு அண்ணி முறை. முதலில் குழந்தையை வாங்கி உச்சி முகர்ந்துவிட்டுத்தான் என் பையை வாங்கினாள். எனக்கு அது பிடித்திருந்தது. அறை படுசுத்தம்: இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், மேலே ஒரு ஃபேன்.

மதியம் இறால் தொக்கும் கொடுவா மீன் குழம்பும் போட்டபடியே தன் கதையைச் சொன்னாள். புருஷன் சென்னையில் கட்டட வேலை. மாசத்துக்கு ஒரு முறை வருவார். "இந்த ரூமு ஓடிச்சின்னா போதும் மேடம், அவுரு இங்கியே வந்து படகு ஓட்டுவாரு. ஓடலன்னா ரூமு கட்ன கடன அடைக்கவே அங்கதான் கெடக்கணும். அதான் ஃபோன்ல யாரு இன்னா கேட்டாலும் எல்லாம் இருக்குதுன்னு சொல்லிட்றேன்." சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி தொக்கு வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்டதும் ஃபோனை எல்லாம் சார்ஜில் போடக் கிளம்பினேன். திட்டுக்கு மின்கம்பி இன்னும் வரவில்லை, சோலார்தான். அந்த பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்ளும் கலா, "இப்பவே போட்டுக்குங்க அக்கா. வெயிலு இருக்கப்ப எவ்ளோ வேணாலும் எடுக்கலாம். பொழுது சாஞ்சா பேட்டரிதான், அதுவும் பழசு" என்றாள். வீட்டுக்கு ஒரு பல்பு போக, விடியும்வரை ஒரே ஒரு ஃபேன்தான் ஓடுமாம். அது யாருக்கு என்பதை தினமும் சாயங்காலம் எல்லாரும் கூடி முடிவு செய்வார்கள். காய்ச்சல்காரர் வீடு, பரீட்சைக்குப் படிக்கிற வீடு என்று அது மாறிக்கொண்டே இருக்கும். விருந்தாளிகள் வர ஆரம்பித்ததிலிருந்து, மல்லிகாவின் முகத்துக்காக, அவள் அறைக்கே விட்டுக்கொடுத்து வருகிறார்கள்.

"போன வாரம் வந்தவங்க சாயங்காலம் ஃபேனோட, கொண்டாந்த கூலரையும் போட்டுட்டு ரூமப் பூட்டிக்கினு போட்டிங் போய்ட்டாங்க. ராச்சோறு துன்றதுக்குள்ள ஊரே இருட்டாயிடுச்சி" என்றாள் கலா. என்னைத் திட்டாமலே திட்டு வாங்கின மாதிரி இருந்தது.

ஆறு மணி வாக்கில் பேட்டரி அறை வாசலில் எல்லாரும் கூடினார்கள். "இன்னிக்கி யாருக்கு?" என்று கலா கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உடனே மரியாதைக்குத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார்கள்.

"அண்ணி ரூமுக்கே குடு கலா. வந்தவங்க கிட்ட வாக்குக் குடுத்துட்டாங்க இல்ல" என்றார் ரமேஷ்.

"நீ சும்மா இரு தம்பி. புள்ளைக்கி ஒடம்பு பூரா வேர்க்குரு. அது ஊட்டுக்கு வந்த மொத நாளு, வேக வைக்கவா சொல்ற?" என்றாள் மல்லிகா.

"மேடம் கோச்சிக்குவாங்க அண்ணி."

"கோச்சிக்கட்டும்."

சொன்னவள் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நான் ஊருக்குப் போய் யாரிடமாவது குறை சொன்னால் அவள் புருஷன் சென்னையிலேயே கிடக்க வேண்டியதுதான். அது தெரிந்தும் சொல்லிவிட்டாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பஞ்சாயத்து? ரூம்ல ரெண்டு கட்டில் இருக்குதே. ஒண்ணுல நானு, இன்னொண்ணுல செல்வியும் கொழந்தையும்" என்றேன்.

"அழுவாளே அக்கா" என்றாள் செல்வி.

"ரெண்டு பையனுங்கள வளத்தவ நான்."

"காசு குடுத்து வந்திருக்கீங்களே" என்று மல்லிகா இழுத்தாள்.

"ரெண்டு பேரு மேல பட்டா காத்து கொறஞ்சா பூடும்?"

கலா சிரித்துக்கொண்டே உள்ளே போய் சுவிட்சைத் தட்டினாள்.

காலையில் செல்வி ஊருக்கே சொல்லிவிட்டாள்: "கொழந்த நல்லாத் தூங்கிச்சி. அக்கா கொறட்டதான் தாங்கல." கோடை முடிந்து வெயில் தணியும்வரை குழந்தைக்கு அந்த அறைதான், விருந்தாளிகள் வந்தால் கூடவே படுக்கட்டும் என்று கலா தீர்த்துச் சொன்னாள். மல்லிகா தலையை ஆட்டினாள். ஆனால் இப்படி ஓர் அறைக்கு இனி யார் வருவார்கள் என்ற கவலை அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது.

பத்து மணிக்குப் படகு. பண்ருட்டியில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு ஏ.சி. கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்த அறையில் யாருக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் தெரியும். எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. உனக்கு வேண்டுமா என்று கேட்கத் தேவையே வந்ததில்லை, அவ்வளவுதான். அதை நினைத்தபோது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

நான் படகில் ஏறும்போது மல்லிகாவின் ஃபோன் அடித்தது. கையெல்லாம் மீன் செதில், அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். திருப்பூரிலிருந்து ஒரு பெண். தானும் தன் அக்காவும் வருகிற சனிக்கிழமை வரப்போவதாகச் சொல்லிவிட்டு, "ரூம்ல ஏ.சி. இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்: "ஏ.சி. இல்லீங்க. ஃபேன் ஒண்ணுதான். அதுவும் வெயிலு தணியிற வரைக்கும் மூணு மாசக் கொழந்தையும் அது அம்மாவும் உங்ககூடத்தான் படுப்பாங்க. சரிப்படும்னா வாங்க."

ரமேஷ் எஞ்சினைக் கிளப்பாமல் நின்றார். மல்லிகா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா பையனுங்களா, பொண்ணுங்களா?" என்று கேட்டது குரல்.

"பொண்ணுங்க" என்றாள் மல்லிகா. ரமேஷ் சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினார்.