கண்ணாடிக்குள் இருந்த சமையல் கொப்பி

"அம்மா போயிட்டா, அன்ரி" என்று தாரணி போன் எடுத்துச் சொன்னபோது, பாரிஸ் லா சப்பலில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தாரணியின் அம்மா புஷ்பமக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ரூ பஜோல் பிள்ளையார் கோயில் தேரன்று, "ஒரு மிடறு குடிச்சிட்டுப் போங்கோ" என்று வழிமறித்து மோர் தந்தவர் அவர்தான்.

ஆறு வருடம் ஒரே குசினியில் நின்று சமைத்தோம். ஊர்க்கதையெல்லாம் கதைப்பார். இரண்டாயிரத்து ஒன்பதில், வன்னியில் சண்டை முடிந்து முள்வேலி முகாமில் அடைபட்டிருந்ததைக் கேட்டால் மட்டும், "அதை விடு, சோறு அடிப்பிடிக்கப்போகுது" என்பார். அப்போது தாரணிக்கு மூன்று வயது. அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. அக்காவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொல்லாமலே போனா நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

அவள்தான் எங்கள் இருவரையும் மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். ஹிட்லர் காலத்து வதைமுகாம்களில் அடைபட்ட பெண்களைப் பற்றிய கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு கொப்பி. பட்டினி கிடந்தவர்கள், கிடைத்த கடதாசித் துண்டுகளைத் தைத்து, ஒளித்து ஒளித்து எழுதிய சமையல் குறிப்புகள். எழுதியவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. தாரணி வாசித்துத் தமிழில் சொன்னாள்: கால் கிலோ வெண்ணெய், ஆறு முட்டை.

அக்கா சிரித்துவிட்டார். ஐயோ, எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"அவையள் பட்டது வேறை, தங்கச்சி. ஆனா இது எனக்குத் தெரியும்" என்றார். "முகாமிலை, தண்ணி லைனிலை நிண்டு நாங்களும் வாயாலை சமைச்சனாங்கள். ஒருத்தி கணவாய்க் கறி வைப்பா. மற்றவ தேங்காய்ப்பால் காணாது, இன்னும் விடு எண்டு சண்டைக்கு வருவா. சட்டியும் இல்லை, அடுப்பும் இல்லை!"

தாரணி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நான் எங்கை அம்மா இருந்தனான்?"

"என்ர இடுப்பிலை. புட்டு வேணுமெண்டு அழுதனீ. ஆவெண்டு சொல்லி வெறுங்கையாலை ஊட்டினனான். சப்பி விழுங்கினாய். பிறகு, இன்னும் தா எண்டு கேட்டனீ."

கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "கெட்டிக்காரியள்" என்றார் மெல்ல.

அதன்பின் மிஞ்சியிருந்த நாலைந்து மாதமும் மகளுக்கு அந்த முகாம் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னாராம். அம்மாவின் கதை முழுவதும் இப்போது தாரணியிடம் இருக்கிறது. எனக்கு இது ஒன்று போதும்: ஒன்றுமே இல்லாத கையால் ஒரு பிள்ளையின் பசியை ஆற்றிய மனுசிக்குப் பக்கத்தில், ஆறு வருடம் நானும் நின்று சமைத்திருக்கிறேன்.