ரப்பர் பால் குடித்த விளக்குகள்

கார் விளக்கு எரியாவிட்டால் பல்பைப் பார்ப்பவர் வண்டிக்காரர், வயரைப் பார்ப்பவர் மெக்கானிக், வண்டி யாருடையது என்று முதலில் பார்ப்பவர் ஜப்பான் காலத்து மெக்கானிக். மழை ரோட்டில், எங்கள் பேச்சில் மழைச் சடக்கில், செத்த விளக்கோடு நின்று பாடுபட்டவர்களே, நான் அந்த மூன்றாவது ரகம்.

கெடாவில் குருண் என்ற ஊரில் பெரிய சடக்கின் ஓரம் மாணிக்கம் அண்ணனின் பட்டறை. அவரும் நானும்தான் ஆட்கள். ரப்பர் தோட்டத்தில் தமிழும் டவுனில் இங்கிலீஷும் படித்தவன் நான். ஜப்பான்காரன் வந்ததும் இரண்டும் செல்லாமல் போக, ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தேன். பட்டாளத்து வண்டிகளையும் பழுது பார்த்ததால் எங்கள் இருவர் கையிலும் ஒரு துணிப்பட்டை கட்டியிருந்தார்கள். அது இருக்கிறவரை, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி எங்களைத் தொடாது. அந்த லாரியில் போன யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஒற்றைக்கண் மீன் லாரி

காதர் பாய் தஞ்சோங் டாவாயிலிருந்து மீன் ஏற்றி வருவார். அடிக்கடி அவர் லாரிக்கு ஒரு கண் போய்விடும். பல்பில் குற்றம் இருக்காது. பல்புக்குப் போன மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். வயர் இரும்பைத் தொடும் அந்த இடத்தை எர்த் என்போம். ஆற்று முகத்து உப்புக்காற்று பார்த்துப் பார்த்து அதைத்தான் தின்னும்.

உப்புத்தாள் கிடைக்காத காலம். தேங்காய் நாரில் மணலைத் தொட்டுத் தேய்த்தால் இரும்பு பளிச்சென்று ஆகி விளக்கு பிடித்துக்கொள்ளும். கூலி கருவாடு. மரவள்ளிக்கிழங்குக்குத் துணையாக அது வந்த நாள் எங்களுக்குப் பெருநாள். நான் அழுத்தித் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு பாய் ஒருமுறை சொன்னார்: “ரொம்பத் தேய்க்காத தம்பி. இது கெடாம ஓடுச்சின்னா உனக்குக் கருவாடு யாரு தருவா?”

திருநீறு பூசிய கார்

ஜித்ராவிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெரியவர் வருவார். அவர் கார் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடியது. விளக்கு எரிந்தும் வெளிச்சம் விழவில்லை. கண்ணாடியைக் கழற்றினால், உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணம் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி கறுத்திருந்தது.

மணல் போட்டால் வெள்ளி உரிந்துவிடும். மாணிக்கம் அண்ணன் சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்து, பழைய வேட்டித் துணியில் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தார். கிண்ணத்தில் எங்கள் இருவர் முகமும் தெரிந்தது. பெரியவர் என்ன பொடி என்று விசாரித்தார். சொன்னோம். மலாயில் கேட்டார்: “இனிமே உங்க கோயில் பக்கம் போறப்ப இது தானா நின்னுடுமா?”

சூரியனைக் காட்டியவர்

ஒருநாள் காலை ஒரு தோட்டத்து லாரி வந்தது. ஓட்டியவர் வீராசாமி, தோட்டத்து டிரைவர். பக்கத்தில் ஜப்பான் அதிகாரி. லாரியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதிலிருந்து இரண்டு விளக்கும் எரியவில்லை.

அதிகாரி சூரியனைக் காட்டினார்; கையை மெல்ல இறக்கி, அது மறைகிற இடத்தில் நிறுத்தினார். லாரி விளக்கைத் தட்டினார். பிறகு என் கைப்பட்டைக்குள் ஒரு விரலை விட்டு, கழற்றுவதுபோல் இழுத்துக் காட்டிவிட்டு நடந்தே போய்விட்டார். இரண்டு மொழி படித்தவனுக்கு மொழியே இல்லாமல் விளங்கிற்று. மாணிக்கம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “அவன் சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. நீயும் புரியாத மாதிரியே இரு. வேலையப் பாப்போம்.”

மீன்காரர் மூக்கு

பல்பை வெளியே எடுத்து பேட்டரியில் தொட்டால் எரிந்தது. கூட்டுக்குள் வைத்தால் செத்தது. எர்த்தைத் தேய்த்தோம். தனி வயர் இழுத்துக் கட்டினோம். பகல் வெளிச்சத்தில் தெரியாது என்று சாக்கைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்த்தோம். சாக்குக்குள் எங்கள் வியர்வைதான் மின்னியது. வெயில் மேற்கே சாய்ந்தது. நான் கைப்பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது காதர் பாய் வந்தார். விளக்கருகே குனிந்தவர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். நாள் முழுக்க மீனோடு கிடக்கிற மனிதர். எங்களுக்கு எதுவும் நாறவில்லை. மாணிக்கம் அண்ணன், வீராசாமி, நான் மூவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். புளித்த ரப்பர் பாலின் வாடை எங்களுக்குக் காற்று மாதிரி. பாய் கேட்டார்: “என்னப்பா இது, இந்த லாம்புக்குள்ள யாரு செத்துக் கிடக்கா?”

மழை

வீராசாமி தலையைச் சொறிந்தார். மழைத் தண்ணீர் விளக்குக்குள் இறங்கியதாம். ஓட்டையெல்லாம் அடைபடட்டும் என்று பால் வாளியிலிருந்து அள்ளித் தாராளமாகப் பூசிவிட்டாராம். பூசிய பால் கசிந்து, பல்பு உட்காரும் பித்தளைக் குழிக்குள் தோலாகக் காய்ந்திருந்தது. பித்தளை நிறமாகவே இருந்ததால் எங்கள் கண்ணுக்குப் படவில்லை. ரப்பரைத் தாண்டி மின்சாரம் போகுமா? நகத்தால் நெம்பினேன். ரப்பர் மரத்து வெட்டுக் கோட்டில் காய்ந்த பாலை உரிப்பதுபோல் முழுசாகக் கையோடு வந்தது. இரண்டு விளக்கும் எரிந்தன.

காலையில் காட்டிய இடத்தைச் சூரியன் தொடுமுன்னே அதிகாரி வந்தார். விளக்கு முன்னால் கையை நீட்டி, பட்டறைச் சுவரில் விழுந்த நிழலில் விரல்களை ஆட்டிப் பார்த்தார். பிறகு, ஏன் கெட்டது என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். உள்ளதைச் சொன்னால் நாசவேலை என்று வீராசாமியைப் பிடித்துக்கொள்வார். மாணிக்கம் அண்ணன் வானத்தைக் காட்டி, “ஹூஜான்” என்றார். மழைக்கு மலாய்ச் சொல் அது, பொய்யும் இல்லை. அதிகாரி தலையாட்டிவிட்டு, பட்டறைக்கு வெளியே போய் வானத்தை முறைத்துப் பார்த்தார். என் பட்டை என் கையிலேயே இருந்தது. லாரியில் ஏறப்போன வீராசாமி என் காதருகே குனிந்தார்: “மழையப் பிடிச்சி சயாமுக்கு ஏத்திட்டுப் போயிருவானோ, தம்பி?”

சண்டை முடிந்து தாய் தகப்பன் ஊருக்குக் கப்பலேறி, ஐம்பதை நெருங்கும்போது கெடாவுக்கே திரும்பி வந்து கார் ஓட்டுகிற நான், இன்றைக்கும் விளக்கு எரியாவிட்டால் பல்பைத் தொடுமுன் ஒருமுறை மோந்து பார்க்கிறேன், எரிந்துவிட்டால் பட்டை கட்டியிருந்த என் கையை ஒருமுறை தடவிக்கொள்கிறேன்.