துண்டுக்கு அடியில் தோமினிக் ஆடிய சீட்டு

இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். அதற்குப் பதிலடியாகச் செஞ்சிக்காரன் ஒருவன் ஒரே மத்தியானத்தில் அவர்களுடைய புதுச்சேரியைப் பிடித்து, தோள் துண்டில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தான். பட்டாளம் கிடையாது, பீரங்கி கிடையாது. கையில் வெறும் ஐந்து சீட்டு.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பிடித்தது புதுச்சேரி முழுவதையும் அல்ல. அங்கே இருந்த இரண்டு மாடுகளை. ஆனால் அந்த ஐந்து சீட்டு நிஜம், துண்டும் நிஜம்.

அவன் பெயர் தோமினிக். செஞ்சிச் சந்தையில் மாட்டுத் தரகு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அவனுக்கு இருபத்தேழு வயது. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் வயது சொல்வான், நடையைப் பார்த்தால் குணம் சொல்வான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து எவனாலும் எதையும் சொல்ல முடியாது. அதுதான் அவன் சொத்து.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் வலது கையின்மேல் துண்டைப் போட்டு நீட்டுவார். வாங்குகிறவர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடிப்பார். எத்தனை விரலோ அத்தனை நூறு. வேண்டாமென்றால் விரலை மடக்க வேண்டும், சம்மதமென்றால் உள்ளங்கையை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்கியவனோடு எந்தச் சந்தையிலும் எவரும் கை கோக்க மாட்டார்கள். உள்ளே விரல்கள் மல்லுக்கட்டும்போது, வெளியே இரண்டு முகங்களும் மழையையும் ஏரியையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பத்து வருஷம் அப்படிப் பழகியதில் தோமினிக்கின் முகம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறை மாதிரி ஆகிவிட்டது. வெயிலடித்தாலும் அதேதான், இடி விழுந்தாலும் அதேதான்.

அந்தப் பாறையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உருகும். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் செபாஸ்தியான் என்ற விவசாயியின் வீட்டு வாசலில். அவர் மகள் அமலோற்பவத்தைப் பெண் கேட்க வேண்டுமென்று அவனுக்குக் கொள்ளை ஆசை. கேட்டிருப்பான். அதற்குள் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டான்.

அதற்கு முந்தின வருஷம் மழை இல்லை. வைக்கோல் தீர்ந்து, கிணறும் வற்றியது. செபாஸ்தியான் தன் மயிலைக் காளை ஜோடியை விற்றுத் தரச் சொன்னார். தோமினிக்கும் ஓடியாடி, புதுச்சேரி அரிசி மில் முதலாளி ஆதிமூலத்துக்கு நல்ல விலைக்கு முடித்துக் கொடுத்தான். அமலோற்பவம் அப்போது பனமலைப் பக்கம் சித்தி வீட்டில் இருந்தாள். கன்றிலிருந்து அவள் கையால் கழுநீர் வைத்து வளர்த்த காளைகள் அவை. பெரியவன், சின்னவன் என்று பெயர். திரும்பி வந்து வெறும் தொழுவத்தைப் பார்த்தவள் மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, தோமினிக் வருகிற வழியில் போய் நின்றாள்.

"இன்னா தரகரே, எங்கூட்டு மாட்ட வித்தாச்சு. அடுத்து யார விக்கப் போறீங்க, எங்க நைனாவயா?"

"அவருதாம்மா விக்கச் சொன்னாரு."

"சொன்னா ஒடனே துண்டப் போட்டுடுவீங்களா? ஒரு வாரம் பொறுத்தா கையி அழுகிடுமா?"

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் அவனோடு பேசவில்லை. மறுமழை பெய்து தொழுவத்தில் வைக்கோல் குவிந்த பிறகுதான் பேசினாள், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

"திண்டிவனத்துல ஒரு வாத்தியார் வூட்ல என்னக் கேக்கறாங்க. புதங்கெழம பாக்க வராங்க. அதுக்குள்ள பெரியவனும் சின்னவனும் இந்தத் தொழுவத்துல வந்து நின்னா, நீங்க சாமியாரப் பாத்து ஓலை வாசிக்கச் சொல்லலாம். இல்லன்னா, அவங்களுக்குத்தான் ஓலை."

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்தால் நான்காவது வாரம் கல்யாணம். தோமினிக்கின் காது குப்பென்று சூடாகிவிட்டது. செபாஸ்தியானும் முந்நூறு ரூபாயைத் துணியில் முடிந்து கொடுத்தார். "வித்த வெலைக்கு மேல அம்பது கூடவே வெச்சிருக்கேன் தம்பி. எப்பிடியாவது திருப்பி வாங்கிட்டு வந்துடு."

நல்ல வேளையாக அந்த வாரம் அவனுக்குப் புதுச்சேரியில் வேலையும் இருந்தது. ஒரு செங்கல் சூளைக்காரருக்கு இழுவை மாடு பார்த்துக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ராஜாராமின் கரி லாரியில் ஏறிக்கொண்டான். ராஜாராம் பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவன், தோமினிக்கின் கூட்டாளி. பெட்ரோல் கிடைக்காத காலம். லாரியின் முதுகில் அடுப்பு கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில்தான் ஓட்டுவார்கள். ஏற்றம் வந்தால் லாரி நின்றுவிடும். கரி பிடித்து மறுபடி கிளம்ப அரைமணி ஆகும். அந்த அரைமணிகளில்தான், வெள்ளைக்காரச் சிப்பாய்களிடம் கற்ற போக்கர் ஆட்டத்தை ராஜாராம் இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். பந்தயம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. ஆளுக்கு ஐந்து சீட்டு, வேண்டாததை ஒரு தரம் மாற்றிக்கொள்ளலாம். ஜோடி சேர்ந்தால் பலம், ஒரே மாதிரி மூன்று சேர்ந்தால் இன்னும் பலம். பிறகு பந்தயத்தை ஏற்ற வேண்டும், பயந்தவன் சீட்டைப் போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லாத சீட்ட வெச்சிக்கினு எல்லாம் இருக்கிற மாதிரி ஒக்காந்திருக்கணும். அதான் ஆட்டம்" என்றான் ராஜாராம் முதல் நாளே.

"இதுக்கு எதுக்குப்பா சீட்டு? இதத்தான நான் தெனம் சந்தையில செய்யிறேன்" என்றான் தோமினிக்.

ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டு நேராக ஆதிமூலம் வீட்டுக்குப் போனான். வாசலில் மயிலைக் காளைகள் கழுத்து நிறைய மணியோடு நின்றன. சின்னவன் இவனைப் பார்த்துக் காதை ஆட்டியது. ஆதிமூலம் வில்வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். தோமினிக் துண்டைப் போட்டு மூன்று விரலை நீட்டினான். அவர் உள்ளே தொட்டுப் பார்த்து உடனே கையை உருவிக்கொண்டார்.

"முந்நூறு இல்ல, முந்நூறு பவுன் குடுத்தாலும் கெடையாது தரகரே. இந்த ஜோடிய ஓட்டிக்கினு கடக்கரையில போனா தொரைங்களே நின்னு பாக்கறாங்க."

வண்டி கிளம்பிவிட்டது. தோமினிக் பின்னாலேயே ஓடினான், ராஜாராம் அவன் பின்னால். வண்டி நின்ற இடம் கடற்கரையோரம் ஒரு சீட்டாட்டக் கிளப். உள்ளே பச்சைத் துணி விரித்த மேசை, தலைக்கு மேலே மின்விசிறி, சுருட்டுப் புகை. மெலிந்த துரை ஒருவர் சீட்டுப் போட, ஆதிமூலத்தோடு சேர்த்து நாலு பெரிய மனிதர்கள் வட்ட வட்டச் சில்லுகளை அடுக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், நம்ம ஆட்டம்டா!" என்று ராஜாராம் காதைக் கடித்தான்.

ஆதிமூலம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா எட்டிப் பாக்கற? ஆசையா இருந்தா ஒக்காரு. ஆனா இது மாட்டுப் பல்லப் புடிச்சிப் பாக்கற வேல இல்ல, ஆமா."

தோமினிக் உட்கார்ந்தான். செபாஸ்தியானின் முடிச்சைத் தொடவில்லை. முந்தின நாள் சூளைக்காரர் கொடுத்த தரகுப் பணத்துக்குச் சில்லு வாங்கினான். முதல் இரண்டு ஆட்டம் போயிற்று. மூன்றாவதில் கையில் ஜோடிகூட இல்லாமல் பந்தயத்தை ஏற்றினான். நாலு பேரும் அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார்கள். ராஜகிரியில் என்ன தெரியும்? ஒவ்வொருவராகச் சீட்டைப் போட்டார்கள். அப்புறம் ஏறுமுகம்தான். ஒருவர் சுருட்டை அணைத்துவிட்டு எழுந்து போனார். இன்னொருவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் மேசையில் மிஞ்சியது இரண்டே பேர், தோமினிக்கும் ஆதிமூலமும். சில்லுகளில் முக்கால்வாசி தோமினிக்கிடம்.

ஆதிமூலத்துக்கு மீசை துடித்தது. "ஒரே ஆட்டம். ஒங்கிட்ட இருக்கிற சில்லு பூரா ஒரு பக்கம். என் மயில ஜோடி ஒரு பக்கம். தைரியம் இருக்குதா?"

தோமினிக்கின் நெஞ்சு தவில் மாதிரி அடித்தது. முகம் மட்டும், "அதுக்கென்ன மொதலாளி, ஆடிட்டாப் போச்சி" என்றது.

துரை சீட்டுப் போட்டார். தோமினிக் பெரியதாகத் தெரிந்த ராஜாவையும் ஜாக்கியையும் வைத்துக்கொண்டு மூன்றை மாற்றினான். வந்தவை ஒன்பது, ஐந்து, இரண்டு. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை உறவுமில்லை. ஐந்தும் செக்கச்செவேலென்று அவனைப் பார்த்துப் பல்லிளித்தன. பின்னால் நின்ற ராஜாராமுக்குத் திடீரென்று பயங்கரமாக இருமல் வந்தது. ஆடுகிறவன் பின்னால் நிற்பவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். துரை முறைத்தார். இருமல் நின்றது. 'அவனுக்கே தொண்டை அடைக்கிற அளவுக்கு மோசமான சீட்டு' என்று தோமினிக் நினைத்துக்கொண்டான்.

ஆதிமூலம் தன் சீட்டைப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்தன. நல்ல மாடு கண்ணில் பட்டால் வியாபாரிக்கு அப்படித்தான் சிவக்கும்.

"இடுப்புல ஒரு முடிச்சி வெச்சிருக்கிறியே, அதையும் வை. இல்ல, சீட்டப் போட்டுட்டு எழுந்திரு."

வைத்தால் செபாஸ்தியானின் முந்நூறு போகும், மாடு போகும், அமலோற்பவம் திண்டிவனம் போவாள். போட்டுவிட்டு எழுந்தாலும் மாடு இல்லை, அவளும் இல்லை. தோமினிக்கின் கை இடுப்புக்குப் போயிற்று. அந்தக் கை முடிச்சை எடுக்கவில்லை. தோளுக்கு ஏறித் துண்டை உருவியது. மேசைக்கு மேலே, பச்சைத் துணிக்கு நடுவில், துண்டு போர்த்திய வலது கை நீண்டது.

ஆதிமூலமும் சந்தையில் வளர்ந்த மனுஷர்தானே. நீட்டிய துண்டைக் கண்டதும் யோசிக்காமல் அவர் கையும் உள்ளே நுழைந்துவிட்டது.

"இந்தப் பக்கம் மழ எப்பிடி மொதலாளி?" என்றான் தோமினிக்.

"பரவால்ல. ஏரி முக்கா ரொம்பிருக்குது" என்றார் அவர்.

உள்ளே தோமினிக் கொடுத்தது இரண்டு விரல். இருநூறு!

ஆதிமூலம் அதிர்ந்துபோனார். காலையில் மூன்று விரல் நீட்டியவன் இப்போது இரண்டாக இறங்குகிறான். விலையை ஏற்றிக் கேட்கிறவனைப் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்திலேயே இறக்கிக் கேட்டால் என்ன அர்த்தம்? சீட்டில் மாடு எப்படியும் எனக்குத்தான் வரப்போகிறது, பாவம் பார்த்து ஏதோ கொடுக்கிறேன் என்றுதானே? அவர் மூன்று விரலைப் பிடித்தார். தோமினிக் ஒன்றை மடக்கினான்.

"செஞ்சிப் பக்கம்?"

"நல்ல மழ. மல்லாட்ட ஜோரா வந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே தோமினிக் கையை உருவ ஆரம்பித்தான். மணிக்கட்டு வந்தது. விரல் முட்டி வந்தது. விரல் நுனிதான் பாக்கி. அந்த நுனியை ஆதிமூலம் பாய்ந்து பிடித்து, உள்ளங்கையை அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

முடிந்தது! இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சீட்டைக் கீழே போட்டார்கள். இப்படி ஒரு போக்கரைத் துரை பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. யார் ஜெயித்தார்கள் என்று பிரெஞ்சில் கேட்டார், தமிழிலும் கேட்டார். ஆதிமூலம் தன் சீட்டைத் திருப்பினார். மூன்று ராணி.

"இத வெச்சிக்கினு வுட்டேன்யா. நீ இன்னா வெச்சிருந்த?"

தோமினிக் தன் ஐந்தையும் கட்டுக்குள் சொருகிக் கலைத்துவிட்டு, சில்லை அப்படியே மேசையில் விட்டு, முடிச்சிலிருந்து இருநூறை எண்ணி வைத்தான். "துண்டுக்குள்ள பேசினத வெளிய கேக்கக் கூடாது மொதலாளி."

காளைகள் கரி லாரியில் ஏற மறுத்துவிட்டன. ராஜாராம் சரக்கோடு முன்னால் போய்விட, தோமினிக் மாடுகளோடு இரண்டு நாள் நடந்தான். புதன்கிழமை காலை மணிச் சத்தம் கேட்டு அமலோற்பவம் சாணிக் கையோடு ஓடி வந்தாள். பெரியவன் அவள் முழங்கையை நக்கியது. அவள் இரண்டு கழுத்தையும் கட்டிக்கொண்டு அழுது, பிறகு மணிகளைப் பார்த்து, "இதென்ன கருமம், நாட்டியக்காரி மாதிரி" என்று அவிழ்த்து எறிந்தாள். தோமினிக்கை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நைனா, திண்டிவனத்துக்கு ஆள் அனுப்புங்க."

"எதுக்கும்மா?"

"வர வேணாம்னு சொல்றதுக்கு. அப்பிடியே நீங்க சாமியாரப் பாத்துட்டு வந்துடுங்க."

"அது எதுக்கு?"

"ம்... பாவசங்கீர்த்தனத்துக்கு! ஓலைக்குத்தான் நைனா."

அப்புறம் தோமினிக்கைக் கையில் பிடிக்க முடியுமா? மிச்சம் நூறு ரூபாயைச் செபாஸ்தியான் கையில் வைத்துவிட்டு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கிளப்பில் நடந்ததை முதலிலிருந்து சொன்னான். துரையின் சுருட்டு ஒரு முழம் நீண்டது. மேசையில் இருந்த நாலு பேர் பதினாலு பேர் ஆனார்கள். செபாஸ்தியான் வாய் மூடவில்லை. அமலோற்பவம் மாட்டைத் தேய்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கடேசியில எங்கையில இன்னா இருந்துச்சி தெரியுமா மாமா? ஒண்ணுமே இல்ல! ஒரு ஜோடி கெடையாது. வெறுங்கையி. மூணு ராணிய வெறுங்கையால அடிச்சேன்!"

காலையிலேயே வந்து ஓரமாக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ராஜாராம் எழுந்து நின்றான்.

"வெறுங்கை இல்லடா, பாவி. அஞ்சும் ஆர்ட்டின். ஒரே சாதியில அஞ்சு வந்தா மூணு ராணிய முழுங்கிடும். நம்ம லாரியில இருக்கிற சீட்டுக் கட்டு கரி படிஞ்சி எது செவப்பு எது கறுப்புன்னே தெரியாது, அதான் ஒனக்கு அதச் சொல்லிக் குடுக்கல. நீ பேசாம முடிச்சத் தூக்கி வெச்சிருந்தா, மாடு ரெண்டும் சும்மா வந்திருக்கும். செபாஸ்தியான் ஐயாவோட இருநூறு ரூவா அந்தாளுக்குத் தெண்டம்."