பொய்ப்புள்ளி

சாய்ந்தமருதில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் லைலா. எண்பத்திரண்டாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்புக்குப் பயிற்சி ஒன்றுக்குப் போனவள், வரும்போது ஆளுமைச் சோதனை ஒன்றைக் கொண்டுவந்தாள். கேள்விகளுக்கு ஓம், இல்லை என்று குறித்தால் போதும். ஆள் தனக்குள் ஒடுங்கும் அகமுகியா, எல்லாரோடும் கலகலக்கும் புறமுகியா, சின்ன விசயத்துக்கும் மனம் கலங்குகிறவரா என்பதைப் புள்ளி சொல்லிவிடும். மனிதரைத் திறந்து பார்க்கும் சாவி தன் கைக்கு வந்துவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

ரோனியோ மெசினில் பிரதிகள் அடித்து ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கொடுத்தாள். "பேரையும் எழுதுங்க. அப்பதான் ஆர் எப்படியெண்டு சொல்லேலும்."

மறுநாள் இடைவேளையில் முடிவுகளை உரத்து வாசித்தாள். சுல்பிகா டீச்சர் புறமுகி என்றதும், "இதுக்கு ஒரு சோதனை வேணுமா?" என்று யாரோ சொல்ல, அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு லைலாவுக்குப் பிடித்துப்போனது.

அடுத்த தாள் றஹீமாவுடையது. றஹீமா தற்காலிக நியமனத்தில் வந்திருந்த இளம் ஆசிரியை, அதிகம் கதைக்கமாட்டாள். தங்களை நல்லவர்களாகக் காட்டிக்கொள்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே அந்தச் சோதனையில் சில கேள்விகள் கலந்திருந்தன. எப்போதாவது பிறரைப் பற்றிப் புறம் பேசியதுண்டா? சொன்ன சொல் தவறியதுண்டா? இவற்றுக்கு 'இல்லை' என்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்ப்புள்ளி. எல்லாவற்றுக்கும் றஹீமா 'இல்லை' என்று குறித்திருந்தாள். அப்படிப்பட்ட தாளைப் பேசாமல் ஒதுக்கிவிட வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். லைலாவுக்கு அது நினைவிருந்தது. ஆனால் எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய்ப்புள்ளியில நம்மட றஹீமாதான் முதலாமாள்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. றஹீமா தலையைக் குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் எதைச் சொன்னாலும், "இது எத்தின புள்ளி?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

மார்கழி மழைக்குள் ஒருநாள், உம்மாவுக்குச் சுகமில்லை என்று வீட்டிலிருந்து ஆள் வந்தது. றஹீமா அதிபரிடம் போய் லீவு கேட்டாள்.

"உண்மையாத்தானா டீச்சர்?" அதிபர் சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

லைலாவும் அங்கேதான் நின்றாள். வாய் திறக்கவில்லை. றஹீமா திரும்பி வகுப்புக்குப் போனாள். மணி அடிக்கும்வரை படிப்பித்துவிட்டுத்தான் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். உம்மாவுக்கு வாதம் அடித்திருந்தது. மகள் போய்ச் சேர்ந்தபோது உம்மாவுக்குப் பேச நாக்கு திரும்பவில்லை. பிறகும் திரும்பவேயில்லை.

உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பின் றஹீமா இடமாற்றம் கேட்டு வாங்கி இறக்காமத்துப் பாடசாலைக்குப் போனாள். லைலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அவளைத் தேடிப் போனாள்.

றஹீமா பாய் விரித்து, தேயிலை ஊற்றிக் கொடுத்தாள்.

"நான் பொய்தான் எழுதின ராத்தா," என்றாள். "நியமனம் நிரந்தரமாகல்ல. அந்தத் தாள் அதிபர்ர கைக்குப் போகுமெண்டு பயம். புறம் பேசுவனெண்டு பேரோட எழுதிக் குடுக்கேலுமா?"

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"பொய்ப்புள்ளிக்காரி சொன்னா ஆர் நம்பிற?"

லைலா நிலத்தைப் பார்த்தாள். "என்ன மன்னிச்சிருங்க தங்கச்சி."

"நான் மன்னிச்சிட்டன் எண்டா, நீங்க அத நம்பணுமே." கோபமில்லாத குரல். அதுதான் லைலாவைக் கூடுதலாகச் சுட்டது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எழுந்து நின்று, பிழை தன்னுடையது, அந்தப் புள்ளிக்கு அப்படி அர்த்தமில்லை என்று சொன்னாள். "அது பகிடிதானே லைலா," என்றாள் சுல்பிகா. மற்றவர்கள் கொப்பி திருத்துவதைத் தொடர்ந்தார்கள்.

பிறகு அவள் யாரையும் சோதிக்கவில்லை. கல்முனைச் சந்தையில் எப்போதாவது றஹீமாவைக் காண்பாள். றஹீமா நின்று, படிப்பிக்கிற பிள்ளைகளைப் பற்றி இதமாகக் கதைப்பாள். லைலா அவளுடைய முகத்தைப் பார்க்காமல், கையிலிருக்கும் மரக்கறிப் பையைப் பார்த்தபடியே பதில் சொல்வாள்.